உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்கள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, உறுப்பு நிலையங்களிலிருந்து வந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நம் நிலையங்களைப் பார்ப்பவர்கள் ஏன் குறைந்துகொண்டே போகிறார்கள் என்பதை விசாரித்து வந்து சொல்லும்படி சென்ற பொதுக்குழுவில் என்னைப் பணித்தீர்கள். ஆகவே வழக்கமான செய்திகளை இரண்டொரு வரியில் முடித்துக்கொள்கிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. கூட்டக் குறிப்புகள் அவ்வப்போது உறுப்பினர்களுக்கு அனுப்பப்பட்டன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே முன்வைப்பார். நம் உறுப்பு நிலையங்களில் இரண்டு இவ்வாண்டில் ஒளிபரப்பை நிறுத்திக்கொண்டன என்பதை மிகுந்த வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். அவற்றுள் ஒன்றின் இறுதி நாளன்று நான் அங்கே இருந்தேன். கடைசிச் செய்தி முடிந்து, திரை கறுத்து, ஒரு மணி நேரம் கழிந்த பிறகும் கட்டுப்பாட்டு அறைத் தொலைபேசி ஒருமுறைகூட ஒலிக்கவில்லை. பல்லாண்டுகள் உழைத்த ஊழியர்கள் அந்தத் தொலைபேசியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இந்த நெருக்கடி நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவில் 2023 ஜூலையில் வழக்கமான ஒளிபரப்பும் கேபிளும் சேர்ந்தே மொத்தப் பார்வை நேரத்தில் பாதிக்கும் கீழே இறங்கின என்று பார்வையாளர்களை அளக்கும் நீல்சன் நிறுவனம் அறிவித்தது. 2025 மே மாதத்தில் இணையவழிப் பார்வை 44.8 விழுக்காட்டை எட்டி, ஒளிபரப்பின் 20.1 விழுக்காட்டையும் கேபிளின் 24.1 விழுக்காட்டையும் கூட்டி வரும் அளவை முதன்முறையாகத் தாண்டியது. பிரிட்டனிலோ அரசே முன்னின்று உள்ளூர்த் தொலைக்காட்சியை வளர்க்க முயன்றது. ஒளிபரப்புக் கட்டமைப்புக்காகப் பிபிசிக்காக மக்கள் செலுத்தும் உரிமக் கட்டணத்திலிருந்து 2.5 கோடி பவுண்டு வரை ஒதுக்கப்பட்டது. இங்கிலாந்தில் பல நிலையங்களுக்கு 8 என்ற ஒற்றை இலக்கச் சேனல் எண்ணும் கிடைத்தது. இத்தனை வசதியுடன் 2014 மார்ச் 31 அன்று தொடங்கிய லண்டன் லைவ், அதே ஆண்டில் முக்கிய நேரத்து உள்ளூர் நிகழ்ச்சிகளைக் குறைத்துக்கொள்ள ஒழுங்குமுறை அமைப்பிடம் அனுமதி கேட்டது. 2025 ஜனவரியில் மூடப்பட்டது. பணமும் நல்ல எண்ணும் வாசலைத் திறந்துவிடுகின்றன. உள்ளே வந்தவரை உட்கார வைப்பது வேறு வேலை என்பதையே இந்த அனுபவத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டேன்.

ஆயினும் வாசலைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பலருக்கு அதுவே அடைபட்டுக் கிடக்கிறது. விசாரணையின் பொருட்டு நான் சென்ற வீடுகளில் ஒன்றில் ஒரு மூதாட்டி, நம் உறுப்பு நிலையம் ஒன்றின் மாலைச் செய்தியை ஆண்டுக்கணக்கில் விடாமல் பார்த்தவர், செட்டாப் பாக்ஸ் மாற்றியதிலிருந்து அந்த நிலையத்தைக் காணவில்லை என்றார். “முன்னெல்லாம் ரெண்டு பட்டனை அழுத்தினா வந்துடுவீங்கப்பா, இப்ப எங்கே போய் ஒளிஞ்சிக்கிட்டீங்க?” என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ரிமோட்டை வாங்கி நானே தேடினேன். சேனல்களை எடுத்துத் தரும் நிறுவனம் முன்னறிவிப்பின்றி அந்த நிலையத்தின் எண்ணை இரண்டு இலக்கத்திலிருந்து மூன்று இலக்கத்துக்கு மாற்றி, பொருட்களை விற்கும் சேனல்களுக்கு நடுவே தள்ளியிருந்தது. பட்டியலை மேலும் கீழுமாகப் புரட்டிக் கண்டுபிடிக்க எனக்கே சில நிமிடங்கள் ஆயின. எண்ணைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, தொலைக்காட்சிப் பெட்டியின் பக்கத்தில் ஒட்டிவிட்டு வந்தேன். அந்த அம்மாள் நம்மை வெறுத்து விலகியவர் அல்லர். நாம் இருக்குமிடம் தெரியாமல் போனவர். இப்படிப்பட்டவர்களை இழந்த பார்வையாளர்களின் கணக்கில் சேர்ப்பது சரியா என்று சிந்திக்க வேண்டும்.

இந்த இடத்தில் சட்டங்கள் வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன. அமெரிக்காவின் 1992-ஆம் ஆண்டுக் கேபிள் சட்டம், கேபிள் நிறுவனங்கள் தங்களைக் கட்டாயமாக எடுத்துச் செல்லும்படி கேட்கவோ, அல்லது கட்டணம் பேசி ஒப்பந்தம் செய்துகொள்ளவோ உள்ளூர் வணிக நிலையங்களுக்கு உரிமை தந்தது. இந்தியாவில் 2022 நவம்பரில் வெளியான வழிகாட்டு நெறிமுறைகள், கேபிள் நிறுவனங்கள் நடத்தும் உள்ளூர்ச் சேனல்களுக்கு மாவட்டத்துக்கு இரண்டு கூடுதல் இடம் அளித்தாலும், அவற்றைச் சேனல் பட்டியலில் ‘பிளாட்ஃபார்ம் சர்வீசஸ்’ என்ற தனிப் பிரிவில் வைக்கச் சொல்கின்றன. அந்தப் பெயரைப் பார்த்து, இதற்குள் நம் ஊர்ச் செய்தி இருக்கும் என்று எந்தப் பார்வையாளர் உள்ளே போவார் என்பது என் ஐயம். இதைவிடக் கவலை தருவது இணைய வசதியுள்ள புதிய தொலைக்காட்சிப் பெட்டி. அதை இயக்கியதும் பெரும்பாலும் சேனலுக்குப் பதிலாகச் செயலிகளின் வரிசைதான் கண்ணில் படுகிறது. அந்த வரிசையில் யார் முன்னே நிற்பது என்பதைப் பெட்டி தயாரிப்பாளரே தீர்மானிக்கிறார். பிரிட்டனின் 2024-ஆம் ஆண்டு ஊடகச் சட்டம், பொதுச்சேவை ஒளிபரப்பாளர்களின் செயலிகள் எளிதில் தென்பட வேண்டும் என்று விதித்திருப்பதைச் சுட்டிக்காட்டி, உள்ளூர் நிலையங்களுக்கும் அத்தகைய இடம் வேண்டும் என்ற கோரிக்கையை வரைந்து செயற்குழுவில் வைத்திருக்கிறேன்.

அடுத்து, அளவீடு. தரவரிசையில் நம் பெயருக்கு எதிரே பூச்சியம் வந்துவிட்டது என்று விளம்பரதாரர் தாளை நீட்டும்போது நாம் தலைகுனிந்து வெளியேறுகிறோம். அந்தப் பூச்சியம் எப்படி வருகிறது என்பதை உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். ஒரு பகுதியில் 400 வீடுகளில் எந்தச் சேனல் ஓடுகிறது என்று பதியும் கருவி பொருத்தியிருக்கிறார்கள் என்றும், உண்மையிலேயே நூற்றில் ஒரு வீடு நம்மைப் பார்க்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் கருவியுள்ள வீடுகளில் நம்மைப் பார்ப்பவை ஏறத்தாழ நான்கு. அவற்றில் ஒரு குடும்பம் வெளியூர் போனால் நம் பார்வையாளர்களில் கால் பங்கு காணாமல் போவார்கள். மாதிரி எடுப்பதில் இயல்பாக நேரும் பிழையால் மட்டுமே நம் எண் பூச்சியத்துக்கும் இரண்டு விழுக்காட்டுக்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் விழக்கூடும். பெரிய நிலையங்களை அளக்க வடிவமைத்த தராசில் நம்மை நிறுத்துவது, விறகு நிறுக்கும் தராசில் பொன்னை வைப்பது போன்றது. எனவே உறுப்பு நிலையங்கள் தாங்களே வீடு வீடாகச் சென்று ‘நேற்று மாலை எதைப் பார்த்தீர்கள்?’ என்ற ஒரே கேள்வியைக் கேட்டுப் பதிவு செய்யும் முறையை இவ்வாண்டு சோதித்துப் பார்த்தோம். ‘எங்கள் நிலையத்தைப் பார்ப்பீர்களா?’ என்று கேட்டால் மரியாதைக்காக எல்லோரும் ஆம் என்பார்கள். ஆகவே அக்கேள்வியைத் தவிர்த்தோம்.

இனிச் சொல்வது சிலருக்குக் கசக்கலாம், அன்புடன்தான் சொல்கிறேன். பார்வையாளர் நம்மைக் கண்டுபிடித்து வந்த பிறகும் திரும்பிப் போவதற்குக் காரணம் நாமே. நாள் முழுவதையும் எப்படியாவது நிரப்ப வேண்டும் என்ற பதற்றத்தில் மறுஒளிபரப்பையும் எங்கும் கிடைக்கும் நிகழ்ச்சிகளையும் அடுக்குகிறோம். ஏழு மணிச் செய்தி ஏழு மணி எட்டு நிமிடத்துக்குத் தொடங்குகிறது. பெரிய நிலையங்களிடமும் இணையத்திடமும் இல்லாத ஒரே பொருள் நம்மிடம் இருக்கிறது: இந்தத் தெருவில் இன்று என்ன நடந்தது என்பது. அதற்கு நாம் ஒதுக்கும் நேரமோ மிகக் குறைவு.

மழைக்காலத்தில் நம் உறுப்பு நிலையம் ஒன்றில் நடந்ததை இங்கே விரிவாகவே பதிவு செய்ய விரும்புகிறேன். ஆற்றில் நீர் ஏறத் தொடங்கிய அன்றிரவு, ஒளிப்பதிவாளர் ஒருவர் பாலத்தில் நின்று, தூணில் வரைந்திருந்த அளவுகோலைத் தவிர வேறெதையும் காட்டாமல் நேரலை செய்தார். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நீர்மட்டத்தை எண்ணாகச் சொன்னார். எந்தெந்தச் சாலை மூடப்பட்டது என்பதை நிலையத்திலிருந்த பெண் ஊழியர் எழுதி எழுதித் திரையில் ஓடவிட்டார். பின்னணி இசை கிடையாது, கூச்சலும் கிடையாது. விடியும்வரை தொலைபேசி ஓயவில்லை. ‘எங்கள் தெருப் பெயரைச் சொல்லுங்கள்’ என்பதே வந்த அழைப்புகளில் பெரும்பாலானவற்றின் வேண்டுகோள். அந்த வாரம் முழுவதும் பார்வையாளர்கள் இருந்தார்கள். நீர் வடிந்தது, நிலையமும் பழைய மறுஒளிபரப்புக்குத் திரும்பியது, வந்தவர்களும் போய்விட்டார்கள். வெள்ளம் இல்லாத நாளிலும் குடிநீர், சாலை, பள்ளி, மின்தடை, உள்ளாட்சிக் கூட்டம் என்று அதே அக்கறையோடு சொல்ல வேண்டியவை எத்தனையோ இருக்கின்றன.

ஒலியைப் பற்றியும் ஒரு சொல். படம் சற்று மங்கலாக இருந்தாலும் மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். பேச்சு புரியாவிட்டால் உடனே மாற்றிவிடுகிறார்கள். செய்தி முணுமுணுப்பாகவும் விளம்பரம் இடியாகவும் வருவதே நான் சென்ற வீடுகளில் அதிகம் கேட்ட புகார். ஒலியின் சராசரி உரப்பை ஒரே அளவில் வைக்க ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-இல் ஆர் 128 என்ற பரிந்துரையை வெளியிட்டது. நிகழ்ச்சியைவிட விளம்பரம் உரக்க ஒலிக்கக் கூடாது என்னும் விதி அமெரிக்காவில் 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இதற்கான அளவீட்டு மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. சங்கம் நடத்திய பயிற்சி முகாமில் காலர் மைக்கைச் சட்டையில் எங்கே குத்துவது என்பதிலிருந்து தொடங்கி இதைக் கற்பித்தோம்.

யூடியூபில் துணுக்குகளை ஏற்றுவது குறித்து உறுப்பினர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நம் திரையை விட்டு மக்களை நாமே வெளியே அனுப்புகிறோம் என்பது ஒரு சாராரின் அச்சம். மக்கள் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள் என்பதால் நாமும் போகத்தான் வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அங்கே ஏறும் எண்ணிக்கையில் நம் ஊரார் எத்தனை பேர், வெளியூரார் எத்தனை பேர் என்று பிரித்துப் பார்க்காமல் மகிழ்ச்சி அடைந்துவிடக் கூடாது.

வரும் ஆண்டுக்கெனச் செயற்குழு ஏற்றுக்கொண்டவற்றைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். ஒவ்வொரு நிலையமும் நாள்தோறும் அரை மணி நேரம், சொன்ன நிமிடத்தில் தொடங்கி, முழுக்க அந்த ஊரைப் பற்றியே ஒரு நிகழ்ச்சியை வழங்க வேண்டும். அதற்கு ஆள்பலம் போதாவிட்டால் மற்ற நேரத்து நிகழ்ச்சிகளைக் குறைத்துக்கொள்ளலாம். சேனல் எண் மாற்றத்துக்கு முன்னறிவிப்பு கட்டாயமாக வேண்டும் என்ற கோரிக்கையை உரிய அலுவலகத்தில் சங்கத்தின் பெயரில் அளிப்போம். எண்ணை அச்சிட்ட ஒட்டுத்தாள்களைச் சங்கச் செலவில் வீடுகளுக்குக் கொண்டுசேர்ப்போம்; முதல் கட்டாக வந்தவை வாசலருகே மேசையில் இருக்கின்றன, போகும்போது எடுத்துச் செல்லுங்கள்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்