சட்டை அட்டைக்கு நடுவே வந்த குறுந்தகடு

அன்புள்ள நண்பர்களுக்கு,

'தி ஹூ' என்ற ஆங்கிலேய ராக் குழுவின் பழைய பாட்டிலிருந்து கிதாரைப் பிரித்தெடுக்கும் என் இரண்டு வருட வேலை வன்தட்டோடு அழிந்துபோன அந்த வியாழக்கிழமை இரவைப் பற்றி மறுபடியும் புலம்பப் போவதில்லை. வன்தட்டைத் திறந்து பார்த்தவர் உதட்டைப் பிதுக்கியதோடு அந்தக் கதை முடிந்தது.

தங்களிடமிருந்த பழைய மோனோ (ஒற்றை ஒலித்தட) இசைத்தட்டை மீண்டும் சுழலவிட்டுப் பதிவுசெய்து அனுப்பியவர்கள், கணினியை இரவல் தந்தவர், இரண்டு வருட வேலையை ஆறே மாதத்தில் திரும்பச் செய்துவிடலாம் என்று கூசாமல் பொய் சொன்ன நண்பர், அனைவருக்கும் நன்றி. பொய் சொன்னவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே.

ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்தது ஓர் ஐயாவுக்காக. பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இல்லாத கிதாருக்காக ஏன் இந்தப் பாடு என்று என் வீட்டிலேயே கேட்கிறார்கள். 'தி ஹூ' குழு 1965-இல் 'மை ஜெனரேஷன்' தொகுப்பைப் பதிவுசெய்தபோது, சில கிதார் பகுதிகளை மோனோவுக்கு மாற்றும் நேரத்திலேயே வாசித்துச் சேர்த்துவிட்டார்கள். அவை மூல நாடாவில் ஏறவே இல்லை. அந்த நாடாவிலிருந்து 2002-இல் ஸ்டீரியோ (இரட்டை ஒலித்தட) வடிவம் வந்தபோது அந்த இடங்களில் கிதாரைக் காணோம். பின்னாளில் குழுவின் கிதார் கலைஞர் பீட் டவுன்ஷென்டே அவற்றைத் திரும்ப வாசித்துக் கொடுத்தார். நன்றாகத்தான் வாசித்திருக்கிறார். எனக்கு வேண்டியது அவருடைய இருபது வயதுக் கை. அது மோனோவில் மட்டும், டிரம்ஸுக்கும் குரலுக்கும் அடியில் கிடக்கிறது.

மோனோ, ஸ்டீரியோ இரண்டையும் பக்கத்தில் வைத்து ஓட்டினால் சில விநாடிகளிலேயே ஒன்று மற்றொன்றை முந்திவிடும். துண்டு துண்டாக இழுத்துச் சமன்செய்து, ஓர் அலையைத் தலைகீழாக்கிக் கூட்டினால், பொதுவானது அடங்கிக் கிதார் மேலே வரும். கூடவே குரலின் எச்சங்களும் வரும். அவற்றோடுதான் என் இரண்டு வருடங்கள் போயின.

நடுவில் எப்போதோ ஒரு மரியாதைக்காக அந்த ஐயாவுக்கு ஒரு வெள்ளோட்டப் பிரதி கொடுத்திருந்தேன். கொடுத்ததையே மறந்துவிட்டேன். சென்ற வாரம் தபாலில் ஓர் உறை வந்தது. புதுச் சட்டைக்குள் வைத்து மடிப்பார்களே, அந்த அட்டை இரண்டு. நடுவே என் குறுந்தகடு. கூடவே கோடு போட்ட தாளில் நான்கு பக்கம் பென்சில் எழுத்து. 'இங்கே ஒரு மயிரிழை முந்துகிறது.' 'இங்கே பாடகர் மூச்சு மிச்சமிருக்கிறது.' இரண்டாம் பாதியில் நான் கவனிக்கவே கவனிக்காத ஒரு பிசகையும் வட்டமிட்டிருந்தார். தாளின் ஓரத்தில் ஐந்து ஐந்தாகக் கட்டிய கோடுகள். எண்ணிப் பார்த்தேன்: இருபத்து மூன்று. அத்தனை முறை கேட்டிருக்கிறார். கேட்கச் சொல்லி நான் கேட்டுக்கொள்ளக்கூட இல்லை.

'மெட்டாலிகா' ராக் குழுவின் 1988 தொகுப்பில் ஜேசன் நியூஸ்டெடின் பேஸ் கிதார் ஏறக்குறைய கேட்காமலேயே போனது. 2009-இல் வந்த ஒரு வீடியோ விளையாட்டிலிருந்து அதைப் பிரித்தெடுத்து மேலே கொண்டுவந்தார்களே, அந்த ரசிகர்களைப் பார்த்து, 'இதையெல்லாம் உட்கார்ந்து யார் கேட்கப்போகிறார்கள்' என்று நானே ஒரு காலத்தில் சிரித்திருக்கிறேன். ஐயாவின் பென்சில் கோடுகளைப் பார்த்த பிறகு அந்தச் சிரிப்பை நினைத்தாலே வெட்கமாக இருக்கிறது.

இனி எதைச் செய்தாலும் மூன்று பிரதிகள். ஒன்று அக்கா வீட்டு பீரோவுக்குப் போகிறது, அவளிடம் சொல்லியாயிற்று. அடுத்து அதே 'மை ஜெனரேஷன்' தொகுப்பின் 'எ லீகல் மேட்டர்' பாட்டு. முதல் பிரதி யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நான்காம் பக்கத்தின் அடியில் ஐயா எழுதியிருந்தது இது: 'தகடு உங்களுக்கே. என்னிடம் இன்னொன்று எடுத்து வைத்திருக்கிறேன். அட்டைகளை மட்டும் திருப்பி அனுப்பவும்.'

அட்டைகள் நேற்றே தபாலில் சேர்ந்துவிட்டன, ஐயா.