ஹைபிரிட் பற்றரியைப் பூட்ட ஏன் இவ்வளவு நேரம்?

எங்கள் வாடிக்கையாளர்களுக்கு வணக்கம். பழைய ஹைபிரிட் பற்றரியைக் கழற்றி, உள்ளே இருக்கும் மொடியூல்களைச் சார்ஜ் ஏற்றி இறக்கி, பழுதானதை மாற்றித் திரும்பப் பூட்டித் தருவது எங்கள் வேலை.

"மொடியூல் எல்லாம் சார்ஜ் ஏத்தி முடிஞ்சுதெண்டு சொன்னீங்கள், பிறகு பூட்டித் தர என்ன மெனக்கேடு?" யாழ்ப்பாணத்தில் எங்கள் கராஜுக்கு வரும் அழைப்புகளில் பாதி இந்தக் கேள்விதான். நியாயமான கேள்வி. கார் எங்களிடம் நிற்கும்வரை உங்களுக்கு ஓட்டோச் செலவு. அதனால் பூட்டுகிற வேலையில் என்ன நடக்கிறது என்று விளக்கிவிடுகிறோம்.

டொயோட்டா பிரியஸ் 20, 30 மொடல்களின் பற்றரியில் 28 மொடியூல்கள் இருக்கும். 2021க்கு முந்திய அக்குவாவிலும் அக்சியோ ஹைபிரிட்டிலும் 20. ஒவ்வொன்றும் தட்டையான பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே ஆறு செல்கள், ஆக 7.2 வோல்ட். எல்லாவற்றையும் தொடராக இணைத்தால் பிரியஸுக்கு 201.6 வோல்ட், அக்குவாவுக்கு 144.

இவை நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் வகை. சார்ஜ் நிறையும் நேரத்தில் உள்ளே வாயு உண்டாகும், சூடும் ஏறும். அந்த அழுத்தத்தில் பெட்டியின் பக்கங்கள் வெளியே தள்ளும். அதனால்தான் டொயோட்டா இவற்றைச் சும்மா அடுக்கி வைக்கவில்லை. இரு முனையிலும் தடித்த தகடு வைத்து, இரும்புச் சட்டங்களால் இறுக்கிப் பிடித்திருக்கிறது. அந்தப் பிடி இல்லாமல் மேசையில் தனியாக வைத்துச் சார்ஜ் ஏற்றினால் மொடியூல் வயிறு ஊதிவிடும். நாங்கள் சார்ஜ் ஏற்றி இறக்கும்போதும் கிளாம்புக்குள் வைத்தே செய்கிறோம்.

சரி, இனிப் பூட்டும் கதை. பத்து வருடம் ஓடிய பற்றரியின் சட்டத்தைத் தளர்த்தியதும் அடுக்கு கொஞ்சம் நீளும். திரும்ப அடுக்கினால் முனைத் தகடு சட்டத்துக்கு எட்டாது. ஒவ்வொரு மொடியூலையும் கீழிருந்து பிடிக்கும் போல்ட்டும் அடித்தட்டின் துளைக்கு நேரே வராது. துளையைப் பெரிதாக்கி போல்ட்டை நுழைப்பவர்கள் உண்டு. சட்டத்தின் போல்ட்டையே முறுக்கி இழுத்துக் கொள்பவர்களும் உண்டு. வேலை கெதியாக முடியும், ஆனால் பிளாஸ்டிக் பெட்டியில் வெடிப்பு விழும். உள்ளிருக்கும் பொட்டாசியம் ஹைட்ரொக்சைட் கசிந்து அடித்தட்டைத் தொட்டால் மின்காப்பு போய், ஸ்கேனரில் அந்தப் பழுதைக் குறிக்கும் பி0ஏஏ6 கோட் வந்து நிற்கும்.

நாங்கள் இரு பக்கமும் நீளக் கிளாம்ப் போட்டு, மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குகிறோம். இறுக்கி, அப்படியே விட்டு, மொடியூல்கள் படிந்து இடம் கொடுத்த பிறகு மறுபடி இறுக்குகிறோம். எதுவரை? கழற்றும் முன் அளந்து குறித்த நீளம்வரை மட்டும். அதற்கு மேல் நெரித்தால் மொடியூல்களுக்கு இடையில் காற்று ஓடும் இடைவெளி குறையும். எங்கள் ஊர் வெக்கைக்கு அது கூடாத காரியம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறோம்: நெரிப்பதால் செத்த மொடியூல் உயிர்க்காது. நன்றாக ஊதிய மொடியூல் பெரும்பாலும் வால்வு வழியாக ஈரத்தை இழந்திருக்கும். அதைத் தட்டையாக்கலாம், கொள்ளளவைத் திருப்ப முடியாது. அப்படிப்பட்டதை ஒதுக்கிவிட்டு, கொள்ளளவு பொருந்தும் வேறொன்றைப் போடுகிறோம். புதிதில் ஒரு மொடியூலின் கொள்ளளவு 6.5 அம்பியர் மணி. பழையவற்றில் முக்கியம், எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பது. நடுவில் இருப்பவைதான் அதிகம் சூடாகும் என்பதால் பலமானவற்றை நடுவில் அடுக்குகிறோம். பழுதான ஒன்றை மட்டும் மாற்றிக் கேட்பவர்களுக்கு நாங்கள் தயங்குவதும் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதால்தான். பக்கத்தில் இருப்பது அடுத்த மாதமே விழலாம்.

மொடியூல்களை இணைக்கும் செப்புத் தகடுகளின் பச்சைக் களிம்பை நீக்கி, நட்டை டோர்க் ரெஞ்சால் 5.4 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குவது கடைசி வேலை. கை உணர்வை நம்புவதில்லை. கூடினால் முனையே கழன்று சுழலும், குறைந்தால் இணைப்பு சூடேறும்.

வீடியோ பார்த்து வீட்டில் கழற்ற நினைக்கும் தம்பிமாருக்கு: பற்றரியைத் துண்டிக்கும் செம்மஞ்சள் நிறப் பிளக்கை இழுத்த பிறகும் மொடியூல்கள் இணைந்திருக்கும்வரை உள்ளே ஆளைக் கொல்லும் வோல்ட் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

ஹொண்டா வெசல், ஃபிட் ஜிபி5 பற்றரிகள் லித்தியம். அவற்றை நாங்கள் திறப்பதில்லை.

2020 இலிருந்து 2025 தொடக்கம்வரை வாகன இறக்குமதி நின்றிருந்ததால், உங்களில் பலர் பழைய காரையே பராமரித்து ஓட்டுகிறீர்கள். மீள்சீரமைத்த பற்றரி புதியதற்கு ஈடில்லை; விலையும் அப்படித்தான். புதியது வாங்க வசதி இருப்பவருக்கு நாங்களே அதைத்தான் சொல்கிறோம்.

வேறு இடத்தில் ஸ்கேன் செய்திருந்தால் கோட் எழுதிய துண்டைக் கொண்டுவாருங்கள். கோட்டை அழித்திருந்தால் அதையும் சொல்லுங்கள். பின் சீற்றுப் பக்கத்தில் பற்றரிக்குக் காற்று போகும் துவாரத்தை மூடியபடி பை, சாமான் வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஹைபிரிட் பற்றரிப் பகுதி