மடிக்கணினிக்காகச் சம்பளத்தைப் பிடித்து வைக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் டூல் ஸ்டோரில் (தொழிலாளர்களுக்குக் கருவிகளைக் கொடுத்து வாங்கும் அறை) 31 ஆண்டுகள் பொறுப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். வேலையை விட்டுப் போகிறவரிடம் கம்பெனிப் பொருள்களைக் குறைவில்லாமல் திரும்ப வாங்குவது என் வேலையில் பாதி. அண்மையில் எங்கள் பக்கத்து வீட்டு இளைஞருக்கு நேர்ந்ததைப் பார்த்ததால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அவர் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்காக மூன்று ஆண்டுகள் வீட்டிலிருந்தே வேலை பார்த்து, முறைப்படி இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்து விலகினார். மடிக்கணினியைக் கொரியரில் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினார். மூன்று வாரம் கழித்து, பெட்டியில் சார்ஜர் இல்லை, மூடியில் கீறல் இருக்கிறது, ஆகவே கடைசி மாதச் சம்பளமும், பணியிலிருந்து விடுவித்ததற்கான ரிலீவிங் லெட்டரும் நிறுத்தி வைக்கப்படுகின்றன என்று மின்னஞ்சல் வந்தது. சார்ஜரை வைத்துத்தான் அனுப்பினேன் என்கிறார் இவர்; வரவில்லை என்கிறார்கள் அவர்கள். பெட்டியைக் கட்டும்போது இவர் படம் எடுக்கவில்லை, பிரிக்கும்போது அவர்களும் எடுக்கவில்லை. கீறல் புதிதா பழையதா என்று பார்க்க, பொருளைக் கொடுத்த நாளின் தாளைத் தேடினால், அதில் ‘லேப்டாப் 1’ என்ற ஒரே வரிதான் இருக்கிறது.

இப்படிச் சம்பளத்தைப் பிடித்து வைப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை என்பதைப் பலர் அறிந்திருக்கவில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, நீக்கப்பட்டவர் மட்டுமல்லாமல், தானாக விலகியவருக்கும் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாள்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். பழைய 1936ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டத்தில் இந்தக் கெடு நிறுவனம் நீக்கியவர்களுக்கே சொல்லப்பட்டிருந்தது. அதுவும் மாத ஊதியம் 24,000 ரூபாயைத் தாண்டினால் அந்தச் சட்டமே பொருந்தாது. பொருள் தொலைந்தால் பிடித்தம் செய்யச் சட்டம் இன்றும் அனுமதிக்கிறது. ஆனால் அந்தப் பொருள் அவர் பொறுப்பில் வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்டதாக இருக்க வேண்டும், இழப்பு அவருடைய கவனக்குறைவால் நேரடியாக ஏற்பட்டிருக்க வேண்டும், பிடித்தம் இழப்பின் அளவைத் தாண்டக் கூடாது, அதற்கு முன் விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும். எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து ஊதியத்தில் பாதியைத் தாண்டவும் கூடாது. ஒரு சார்ஜருக்காக முழு மாதச் சம்பளத்தை முடக்குவது இவற்றில் எதற்குள் அடங்கும்?

இழப்பின் அளவு என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். வருமான வரிக் கணக்கில் கணினிகளுக்கு ஆண்டுதோறும் எஞ்சிய மதிப்பில் 40 விழுக்காடு தேய்மானம் கழித்துக்கொள்ளலாம். 60,000 ரூபாய்க்கு வாங்கிய மடிக்கணினி, முழு ஆண்டுகளாகக் கணக்கிட்டால், முதல் ஆண்டு முடிவில் 36,000, அடுத்து 21,600, மூன்றாம் ஆண்டு முடிவில் 12,960 ரூபாய் என்று கணக்குப் புத்தகத்தில் நிற்கும். வரித்துறையிடம் 12,960 என்று காட்டிய பொருளுக்கு, தொலைத்தவரிடம் மட்டும் புதிதின் விலையைக் கேட்கும் கம்பெனிகள் இருக்கின்றன.

எங்கள் காலத்து டூல் ஸ்டோரில் வேறொரு முறை இருந்தது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவருடைய எண் பொறித்த பத்துப் பித்தளை வில்லைகள் கொடுப்போம். துளையிடும் ட்ரில் பிட் வேண்டுமா, அளவெடுக்கும் வெர்னியர் வேண்டுமா, ஜன்னலில் ஒரு வில்லையைக் கொடுத்துவிட்டு எடுத்துப் போகலாம். அந்தக் கருவி தொங்கிய கொக்கியில் அவருடைய வில்லை தொங்கும். கருவியைத் திருப்பிக் கொடுக்கும்போது, முனை மழுங்கியிருக்கிறதா, தாடை வளைந்திருக்கிறதா என்று அவர் கண்ணெதிரிலேயே பார்த்த பிறகுதான் வில்லை அவர் கைக்குப் போகும். வேலையை விட்டுப் போகிற நாளில் அவர் பத்து வில்லைகளையும் மேசை மேல் எண்ணி வைத்தால் என் கையெழுத்து உடனே விழும். எட்டுத்தான் இருக்கிறது என்றால் எந்த இரண்டு கருவிகள் என்று கொக்கிகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கணக்கு அன்றாடம் முடிந்துகொண்டே இருந்ததால் கடைசி நாளில் தகராறு வருவது அபூர்வம்.

அபூர்வம் என்றுதான் சொன்னேன். ஒரு முறை நானே தவறு செய்தேன். ஓய்வுபெறவிருந்த ஃபிட்டர் ஒருவர் பெயரில் 0–25 மி.மீ. மைக்ரோமீட்டர் (நுண்ணளவு பார்க்கும் கருவி) ஒன்று நிலுவையில் இருந்தது. கொக்கியில் அவருடைய வில்லை தொங்கியது. திருப்பிக் கொடுத்துவிட்டதாக அவர் சொன்னதை நான் பொருட்படுத்தவில்லை. விலை அவருடைய கடைசிச் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. நான்கு மாதம் கழித்து அளவுத் திருத்தத்துக்குப் போயிருந்த கருவிகள் ஆய்வகத்திலிருந்து சான்றிதழோடு திரும்பின; அந்தப் பெட்டியின் அடியில் அதே மைக்ரோமீட்டர் கிடந்தது. அவர் கொடுத்ததை வாங்கி நேராகப் பெட்டியில் போட்ட நான், வில்லையைத் திருப்பித் தர மறந்திருக்கிறேன். கணக்குப் பிரிவில் பேசிப் பணத்தை வாங்கிக்கொண்டு பட்டாபிராமில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார், மைக்ரோமீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிடித்தத்துக்கு முன் விளக்கம் கேட்க வேண்டும் என்ற விதியை அதற்குப் பிறகு நான் வெறும் சடங்காக நினைத்ததில்லை.

நிறுவனங்களின் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. விலகிய பிறகு தொலைபேசியையே எடுக்காதவர்கள் உண்டு. சாம்பிள் பெட்டியோடும் வசூல் பணத்தோடும் காணாமல் போன விற்பனைப் பிரதிநிதிகளையும் பார்த்திருக்கிறேன். கம்பெனி கைப்பேசியில் சொந்தக் கணக்கைப் போட்டுப் பூட்டி, அதை நீக்காமல் திருப்பித் தருகிறார்கள். கையில் கிடைத்தும் அந்தக் கருவி, திறக்க முடியாத வெறும் செங்கல்தான். இத்தகையவர்களுக்கென்று நிறுவனங்கள் சட்டம் 2013இல் 452ஆம் பிரிவு இருக்கிறது. கம்பெனியின் பொருளை முறைகேடாகத் தன்னிடம் வைத்திருப்பவருக்கு ஒரு லட்சம் முதல் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். குறித்த நாளுக்குள் திருப்பித் தர நீதிமன்றம் ஆணையிட்டும் தராவிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறையும் உண்டு. வேலையை விட்டவருக்கு இது பொருந்தாது என்று வாதிட முடியாது. பழைய 1956ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தில் இருந்த இதே போன்ற பிரிவு முன்னாள் ஊழியர்களையும் கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் 1987இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. கம்பெனிக் குடியிருப்பைக் காலி செய்யாத ஊழியருக்கு, அவருடைய வைப்பு நிதியையோ பணிக்கொடையையோ நிறுவனம் இன்னும் கொடுக்கவில்லை என்றால், சிறைத் தண்டனை விதிக்கக் கூடாது என்ற விலக்கும் இன்றைய 452ஆம் பிரிவிலேயே இருப்பது கவனிக்கத்தக்கது. முதலில் தன் கடனைத் தீர்த்துவிட்டு வா என்று சட்டம் நிறுவனத்துக்கும் சொல்கிறது.

இவ்வளவு வலுவான வழி இருக்கும்போதும் சம்பளத்தை நிறுத்துவதே வழக்கமாகிவிட்டதற்குக் காரணம், அது எளிது என்பதுதான். நீதிமன்றத்துக்குப் போனால் எந்தப் பொருளை, எந்த நிலையில், எந்த நாளில் கொடுத்தீர்கள் என்று கேட்பார்கள். ‘லேப்டாப் 1’ என்ற தாளை அங்கே நீட்ட முடியாது. எனவே செய்ய வேண்டிய வேலை, பொருளைக் கொடுக்கும் அன்றே இருக்கிறது. வரிசை எண், சார்ஜர், பை, ஏற்கெனவே உள்ள கீறல் எல்லாவற்றையும் எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். திரும்ப வாங்கும்போதும் அதே தாளை வைத்து, நேரிலோ காணொளியிலோ, இருவர் முன்னிலையில் சரிபார்த்து அந்த இடத்திலேயே ரசீது தர வேண்டும். ஊதியத்துக்கு இரண்டே நாள் கெடு என்பதால், இதை நோட்டீஸ் காலத்தின் கடைசி வாரத்திலேயே முடிப்பது நிறுவனத்துக்கும் நல்லது. விலகுகிறவர்களும் பெட்டியைக் கட்டுவதற்கு முன் உள்ளே இருப்பதைப் படம் எடுத்து, தங்கள் சொந்தக் கணக்குகளை நீக்கிவிட்டு அனுப்ப வேண்டும்.

பெரிய நிறுவனங்களில் இதற்கென்று மென்பொருள்கள் இருக்கின்றன. பத்து, இருபது பேர் வேலை பார்க்கும் சிறு பட்டறைகளிலும் அலுவலகங்களிலும் எதுவும் இல்லை. தமிழ்நாடு அரசின் தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறை, பொருள் ஒப்படைப்புக்கும் திரும்பப் பெறுதலுக்குமான ஒரு பக்க மாதிரிப் படிவத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தயாரித்து, புதிய சட்டத் தொகுப்பு பற்றிய விளக்கத்துடன் சேர்த்துத் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டூல் ஸ்டோர் பொறுப்பாளர்,
அம்பத்தூர், சென்னை.