பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே எழுதித் தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

வலிப்புள்ள குழந்தைகளின் பெற்றோருக்கான குறிப்பேடு அச்சுக்குப் போய்விட்டது. அதில் எங்கள் எழுத்து கொஞ்சம்தான். மற்றதெல்லாம், வலிப்பு வருமுன் தங்களுக்குள் தோன்றும் முன்னறிகுறியைப் பற்றி உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பேசிய பேச்சு.

முதல் நன்றி அம்மாக்களுக்கு. "முன்னாடி மயக்கமா இருந்துச்சாம்" என்று பெரியவர்கள் சுருக்கிவிட்டால் அதிலிருந்து எங்களுக்கு ஒன்றும் பிடிபடாது. "வயித்துக்குள்ள லிஃப்ட் மேல போகுது" என்ற வார்த்தையை அப்படியே எழுதி, பிள்ளையின் கை தொப்புளிலிருந்து தொண்டைவரை போனதையும் குறித்திருந்தீர்கள். மூளையின் பொட்டு மடலில், அதாவது நெற்றிப்பொட்டை ஒட்டிய பகுதியில், தொடங்கும் வலிப்புக்கு இது பேர்போன அடையாளம். காரணமில்லாத பயம், மற்றவர்களுக்குத் தெரியாத நாற்றம், புது இடம் ஏற்கெனவே பார்த்த இடமாகத் தோன்றுவது ஆகியவையும் அங்கிருந்து வரலாம். வயிற்றுப் பூச்சி, பேய் பயம் என்று நினைத்து, பூச்சி மருந்தும் தாயத்தும் முந்திக்கொள்வது இங்கேதான். முன்னறிகுறி என்று பேர்தானே தவிர, அதுவே சின்ன வலிப்பு. அதோடு நின்றுபோனாலும் தேதி, நேரம் போட்டு எழுத வேண்டும்.

கலர் பென்சில் கொடுத்து வரையச் சொன்ன ஓவிய ஆசிரியர்களுக்கு நன்றி. சில நொடிகளில் பெருகும் வண்ண வட்டங்கள் என்றால் பிடரிப் பக்க மூளையின் வலிப்பை நினைப்போம். கறுப்பு வெள்ளைக் கோணல் கோடு பல நிமிடம் மெல்லப் பரவினால் ஒற்றைத் தலைவலியாக இருக்கலாம். வாய்க்கு வராத வித்தியாசம் தாளில் வந்தது.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளை எதையும் சொல்லாது. விளையாட்டைப் பாதியில் விட்டு ஓடிவந்து முந்தானையைப் பிடித்துக்கொள்ளும். அந்த ஓட்டத்தையே அறிகுறி என்று கண்டுபிடித்த பாட்டிகளுக்குத் தனி வணக்கம்.

"டீச்சர், வருது" என்றதும் பெஞ்சிலிருந்து இறக்கி, தரையில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், சாவிக்கொத்தைத் தேடாமல் கடிகாரத்தைப் பார்த்த ஆசிரியர்களுக்கும் நன்றி. 5 நிமிடம் தாண்டினால் 108.

சில நொடி வெறித்துப் பார்த்துவிட்டுச் சட்டென்று தெளியும் ஆப்சென்ஸ் வகையில் முன்னறிகுறியே இருக்காது. "ஒண்ணும் தெரியல" என்ற பிள்ளையைக் குடையாமல் விட்டீர்களே, அதுவும் உதவிதான்.

இனியும் எழுதப்போகிறவர்களுக்கு ஒன்று: "வயிறு வலிச்சுதா?" என்று கேட்டால் பிள்ளை ஆமாம் என்றுதான் சொல்லும். "முதல்ல என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். படம் வரைய, குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களைக் கோடு போடாமல் விட்டிருக்கிறோம்.

நன்றியுடன்,
குறிப்பேட்டுக் குழுவினர்