கஸ்ஸாலியும் இப்னு அரபியும் சொன்னது ஒன்றல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவரும் இடைக்கால அரபுச் சிந்தனை பற்றிய தொடரைத் தவறாமல் படித்து வருகிறேன். சென்ற வாரப் பகுதி இஸ்லாமிய இறையியல் அறிஞர் இமாம் கஸ்ஸாலியையும் (1058–1111) சூஃபி மெய்ஞ்ஞானி இப்னு அரபியையும் (1165–1240) சேர்த்துக் குறிப்பிட்டு, இருவரும் தர்க்கத்தைத் துறந்து முரண்பாட்டையே இறைஞானத்தின் மொழியாக ஏற்றவர்கள் என்று எழுதியிருந்தது. இக்கூற்று கஸ்ஸாலிக்குச் சற்றும் பொருந்தாது. இப்னு அரபிக்கும் முழுமையாகப் பொருந்தாது.

அரபுத் தர்க்க நூல்கள் 'ளித்து' (எதிர்), 'நகீள்' (முரண்) என்னும் இரண்டையும் பிரித்தே பேசுகின்றன. கறுப்பும் வெள்ளையும் ளித்து: ஒரே இடத்தில் அவை சேர்ந்திருக்க முடியாது, ஆனால் பச்சைத் துணியில் இரண்டுமே இல்லாதிருக்கலாம். உண்டு, இல்லை என்பவை நகீள்: அவை சேர்ந்திருக்கவும் முடியாது, சேர்ந்து நீங்கவும் முடியாது. இந்த வரம்பை மறுத்துப் பிடிவாதம் செய்பவனை நெருப்பில் இடவேண்டும், நெருப்பும் நெருப்பல்லாததும் அவனுக்கு ஒன்றுதானே என்கிறார் தத்துவவாதி இப்னு சீனா (980–1037). அடிக்கவும் வேண்டும், வலியும் வலியின்மையும் அவனுக்கு ஒன்றுதானே என்றும் சேர்க்கிறார். அவருடைய 'ஷிஃபா' என்னும் பெருநூலின் இறையியல் பகுதியில் உள்ள வாதம் இது. தத்துவவாதிகளைக் கடுமையாகத் தாக்கிய கஸ்ஸாலி, அவர்களுடைய தர்க்கத்தை மட்டும் கைவிடவில்லை என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

கஸ்ஸாலியிடம் எதிர்நிலை என்பது அறிவதற்கான வழி. 'மிஷ்காத்துல் அன்வார்' நூலில் அவர் சொல்வதைப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் வசந்தகாலப் பசுமையைக் காண்பவன், தான் காண்பது நிறங்களை மட்டுமே என்று எண்ணக்கூடும். நிறங்களோடு ஒளி என்று ஒன்றும் அங்கே இருப்பது அவன் கருத்தில் படுவதில்லை. கதிரவன் மறைந்து, நிழலும் வெளிச்சமும் வேறுவேறாகத் தெரியும்போதுதான், ஒளி நிறத்தினின்றும் வேறானது என்று அவன் உணர்கிறான். பொருள்கள் தம் எதிர்களாலேயே துலங்குகின்றன. ஆனால் இறைவனுக்கோ எதிரும் இல்லை, அவன் ஒளிக்கு மறைவும் இல்லை. ஆகவே தோற்றத்தின் மிகுதியே அவனை மறைத்துவிடுகிறது என்று அவர் முடிக்கிறார். இதில் முரண்பாடு எங்கே இருக்கிறது? இதைவிடத் தெளிவான வாதத்தை நான் அதிகம் படித்ததில்லை.

'அவனே முதலும் முடிவும், வெளிப்படையானவனும் மறைவானவனும்' என்னும் குர்ஆன் வசனத்தையும் (57:3) அவர் இந்தக் கண்டிப்போடுதான் அணுகுகிறார். ஒரே பொருள், ஒரே கோணத்தில், ஒன்றையே நோக்கி, முதலாகவும் முடிவாகவும் இருப்பது எண்ணிப் பார்க்கவும் இயலாதது என்று இறைநாமங்களைப் பற்றிய தம் நூலில் வெளிப்படையாகவே எழுதுகிறார். படைப்புகளின் வரிசையில் பார்த்தால் அவன் முதல். அவனைத் தேடிச் செல்பவரின் பயணத்தில் பார்த்தால் அவன் முடிவு. இணையாக வரும் மற்ற திருநாமங்களிலும் இத்தகைய கவனம் இருந்தது: 'தீங்களிப்பவன்' என்பதைத் தனியே சொல்லாமல் 'நன்மையளிப்பவன்' என்பதோடு சேர்த்தே சொல்ல வேண்டும் என்று அறிஞர் சிலர் வலியுறுத்தினர்.

இப்னு அரபி பிரிந்து செல்லும் இடம் இதுதான். ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதைச் சேர்ந்த சூஃபி அபூ சயீத் அல்கர்ராஸ், இறைவனை எதைக்கொண்டு அறிந்தீர் என்று கேட்டபோது, எதிர்களை அவன் ஒன்றுசேர்த்திருப்பதைக் கொண்டே என்று கூறி இதே வசனத்தை ஓதினார். அந்த விடையைத் தம் நூல்களில் எடுத்தாளும் இப்னு அரபி, இறைவன் முதலாயிருப்பதும் முடிவாயிருப்பதும் ஒரே கோணத்தில்தான் என்று வாதிடுகிறார். அதாவது, கஸ்ஸாலி இயலாது என்று மறுத்ததையே இவர் இறைவனுக்கு உரியது என்கிறார். அப்போதும் தர்க்கத்தை அவர் ஒட்டுமொத்தமாக ஒதுக்கிவிடவில்லை. படைப்புப் பொருள்களில் அறிவின் தீர்ப்பு செல்லும் என்றும், இறைவனின் உண்மையை அறிவு மட்டும் தனித்து எட்டாது என்றும் அவர் எல்லை வகுக்கிறார்.

இருவரையும் ஒன்றாக்கிவிட்டால், ஒரே வசனத்தைப் பற்றி ஏறத்தாழ நூறாண்டு இடைவெளியில் எழுந்த இந்தக் கூர்மையான கருத்து வேறுபாடு வாசகரின் கண்ணில் படாமலே போய்விடும். தொடரின் அடுத்த பகுதியில் கட்டுரையாளர் இதற்குச் சில பத்திகளேனும் ஒதுக்கி, இருவர் நிலைப்பாட்டையும் தனித்தனியே எடுத்துரைக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்