வேலைவாய்ப்பு விழுக்காட்டின் கணக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் டூ மதிப்பெண் வந்ததிலிருந்து பல வீடுகளில் இதே பேச்சுதான்: கட்-ஆஃபுக்குக் கிடைக்கிற அண்ணா பல்கலை இணைப்புக் கல்லூரியா, கூடுதல் பணம் கட்டி நிகர்நிலை (டீம்டு) பல்கலையா? கடைசியில் முடிவு செய்வது விளம்பரத்தில் வரும் ‘94 விழுக்காடு வேலைவாய்ப்பு’. அது எத்தனை பேரில் 94 என்று யாரும் கேட்பதில்லை. அரியர் இல்லாமல், நிறுவனங்கள் கேட்கும் மதிப்பெண்ணும் இருந்து, வளாக நேர்காணலுக்குப் பெயர் கொடுத்தவர்களை மட்டும் வைத்துப் போடும் கணக்காக அது இருக்கலாம். ஒரே மாணவர் வாங்கிய மூன்று பணி ஆணைகளை மூன்றாக எண்ணுவதும் உண்டு.

சரியான எண் கல்லூரியின் இணையதளத்திலேயே கிடக்கிறது. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் கலந்துகொள்ளும் கல்லூரி, அதற்குக் கொடுத்த விவரங்களைப் பொதுவில் வைக்க வேண்டும். அந்த பி.டி.எஃப்-இல் நான்காண்டு இளநிலைப் படிப்புக்கான அட்டவணையைத் தேடுங்கள். சேர்ந்தவர், லேட்டரல் என்ட்ரியில் (டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் ஆண்டில்) வந்தவர், உரிய காலத்தில் முடித்தவர், வேலை பெற்றவர், மேற்படிப்புக்குப் போனவர், மீடியன் சம்பளம் எல்லாம் ஆண்டுவாரியாக இருக்கும். ஒரு பேச்சுக்கு, 600 பேர் சேர்ந்து, லேட்டரலில் 60 பேர் வந்து, 450 பேர் உரிய காலத்தில் முடித்து, 300 பேர் வேலைக்குப் போனதாக வைத்துக்கொள்வோம். 660-க்கு 300 என்றால் 45 விழுக்காடுதான். பெயர் கொடுத்தவர் 320 பேர் என்றால் அதே 300-ஐ 94 விழுக்காடு என்று அச்சடிக்கலாம், பொய்யும் ஆகாது. எனக்கு உறுத்துவது வேலை எண்கூட இல்லை, உரிய காலத்தில் முடிக்காத அந்த 210 பேர். சம்பளத்திலும் ‘அதிகபட்சம்’ ஒருவர் வாங்கியது. மீடியன் என்பது எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது.

இந்த அட்டவணை முழுக் கல்லூரிக்கும் சேர்த்துப் போட்டது. மெக்கானிக்கலுக்கு எவ்வளவு, கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு எவ்வளவு என்று துறையில் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

தேர்ச்சி விழுக்காட்டை வைத்தும் இணைப்புக் கல்லூரியையும் நிகர்நிலைப் பல்கலையையும் ஒப்பிட முடியாது. இணைப்புக் கல்லூரிக்குக் கேள்வித்தாள் அண்ணா பல்கலையிலிருந்து வருகிறது. நிகர்நிலைப் பல்கலையும் தன்னாட்சிக் கல்லூரியும் தாங்களே தயாரித்துத் தாங்களே திருத்துகின்றன. தர மதிப்பீட்டு அமைப்புகள் இரண்டு: நாக் தரம் முழு நிறுவனத்துக்கு, என்.பி.ஏ. அங்கீகாரம் தனித்தனிப் பாடப்பிரிவுக்கு. நேற்று தொடங்கிய ஏ.ஐ. பிரிவுக்கு என்.பி.ஏ. இருக்க வழியில்லை.

கலந்தாய்வு முடியும் முன்பே நிகர்நிலைப் பல்கலையில் பணம் கட்டுகிறவர்கள், அசல் சான்றிதழ்களைக் காட்டிவிட்டுக் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். நிறுவனம் அவற்றைப் பிடித்துவைக்க யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதி அனுமதிக்கவில்லை. யு.ஜி.சி.யின் 2018 அறிவிக்கைப்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே விலகினால் கட்டணம் திரும்பும். அதில் 5 விழுக்காடு, அதுவும் 5,000 ரூபாய்க்கு மிகாமல், பிடிக்கலாம். கடைசி நாள் கழிந்து 30 நாள் தாண்டினால் ஒரு பைசாவும் வராது. சில ஆண்டுகளில் யு.ஜி.சி. தனியே சலுகைத் தேதி அறிவித்திருக்கிறது, அதையும் பாருங்கள். விலகுவதாக வாயால் சொன்னால் போதாது. கடிதமாகக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.

– ஓய்வுபெற்ற பொறியியல் பேராசிரியர், கோவை