மூடியை நிறுத்து விற்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய அமெரிக்கப் பொக்கெற் மணிக்கூட்டின் மூடியைத் தங்க விலைக்கு விற்றுவிட்டு, உள்ளிருக்கும் இயந்திரத்தை வீசிவிடுகிறவர்கள் திருகோணமலையில் இன்னமும் இருக்கிறார்கள். மூடியில் 14 கரட் என்பதோடு 20 வருடம், 25 வருடம் என்ற உத்தரவாதமும் பொறித்திருந்தால் அது முழுத் தங்கமல்ல, பித்தளையின் இருபுறமும் மெல்லிய தங்கத் தகடு ஒட்டியது. உருக்கினால் கிடைப்பது சொற்பம். பெறுமதி இயந்திரத்தில்தான் இருக்கிறது.

வோல்தம், எல்ஜின், ஹமில்டன் தொழிற்சாலைகள் பெரும்பாலும் இயந்திரத்தை மட்டும் விற்றன. வாங்குபவர் வேறு கம்பனியின் மூடியைக் கடையிலே தெரிந்தெடுத்துப் பொருத்திக்கொள்வார். அதனால் மூடியிலுள்ள இலக்கத்தைக் கொண்டு வருடம் தேடினால் பிழையான விடைதான் வரும். இயந்திரத் தட்டில் பொறித்த இலக்கத்தையே எழுதிவையுங்கள். அளவும் அப்படித்தான்: 16 சைஸ் என்பது டயல் பக்கத் தட்டின் ஏறத்தாழ 43 மி.மீ. விட்டம், மூடி அதில் சேராது.

திறக்கும்போது அவசரம் வேண்டாம். பின்மூடியில் பிணைச்சல் இல்லையென்றால் உள்ளங்கையால் அழுத்தி இடப்பக்கம் சுழற்றுங்கள். கத்தி முனையால் நெம்பினால் விளிம்பு வளைந்து பிறகு தூசு புகும்.

நேரம் மாற்றத் தலையை (முறுக்கும் குமிழை) பலமாக இழுப்பதுதான் அதிகம் நடக்கும் சேதம். 1891இல் ஓகாயோவின் கிப்டனில் நடந்த ரயில் மோதலுக்குப் பிறகு, ரயில்வே மணிக்கூடுகளுக்கான விதிகள் இறுகின: அச்சுகளைத் தாங்கக் குறைந்தது 17 கல், மணிக்கூட்டை வைக்கும் ஐந்து நிலைகளில் சீர்செய்தல், கிழமைக்கு 30 செக்கனுக்குள் பிழை. தவறுதலாக முள் நகராதிருக்க, தலையை இழுத்து நேரம் வைக்கும் முறையையும் விலக்கினார்கள். இந்த ரயில்வே மணிக்கூடுகளில் முன்கண்ணாடி வளையத்தைக் கழற்றினால் டயல் ஓரத்தில், பெரும்பாலும் ஒரு மணிக்கு அருகே, சிறு நெம்பு தெரியும். அதை நகத்தால் வெளியே இழுத்து, தலையைத் திருப்பி நேரம் வைத்து, திரும்ப உள்ளே தள்ளவேண்டும்.

"கூட முறுக்கிவிட்டேன், நின்றுவிட்டது" என்பது தவறான எண்ணம். முழுதாக முறுக்கியும் ஓடாவிட்டால், காய்ந்த எண்ணெயும் அழுக்கும் சக்கரங்களைப் பிடித்திருக்கும். அல்லது விழுந்ததில் பலன்ஸ் எனப்படும் ஆடும் சக்கரத்தின் அச்சு முறிந்திருக்கும். ஒரு நாள் தாங்காமல் நின்றால், முறுக்கும்போது இறுகும் மெயின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். திடீரென்று பல நிமிடம் முந்தி ஓடினால், பலன்ஸை ஆட்டும் மெல்லிய ஹெயார் ஸ்பிரிங் காந்தமேறியிருக்க வாய்ப்புண்டு. ஸ்பீக்கர் அருகே வைப்பதாலும் இது வரும். சிறு திசைகாட்டியை மேலே பிடித்துப் பாருங்கள். பலன்ஸ் ஆடும் தாளத்துக்கு ஊசியும் நடுங்கினால் காந்தம் நீக்கும் கருவி போதும்.

தேங்காய் எண்ணெய், தையல் மெசின் எண்ணெய் இரண்டும் கூடவே கூடாது. முதலாவது பிசினாகும். இரண்டாவது பரவி ஹெயார் ஸ்பிரிங்கின் சுற்றுகளை ஒட்டவைக்கும். கழற்றிக் கழுவி, மணிக்கூட்டு எண்ணெயை ஊசி முனையளவு வைக்கத் தெரிந்தவரிடமே கொடுங்கள்.

எங்கள் கடற்காற்றின் உப்பு முதலில் முறுக்குத் தண்டையும் உருக்கு ஸ்பிரிங்கையும் துருவேற்றும். கச்சான் காற்றுக்காலத்தில் தூசு, மாரியில் ஈரம். இறுக்கமான பெட்டியில், ஈரம் உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், ஜெல் நிறம் மாறியதும் காயவைத்துப் போடுங்கள்.

பழைய மணிக்கூடு சேகரிப்பவர்,
திருகோணமலை.